பழைய ஐ5 டெஸ்க்டாப்: ஓவர்கிளாக் செய்வதா, ஐ7 போடுவதா, மொத்தமாக மாற்றுவதா?

2011, 2012 வாக்கில் வாங்கிய இன்டெல் ஐ5 டெஸ்க்டாப்கள் இன்னும் நிறைய வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஐ5-2500கே, ஐ5-3570கே இரண்டும் ஓவர்கிளாக்குக்கென்றே, அதாவது நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கென்றே, பெயர் வாங்கிய ப்ராசஸர்கள். வேகம் போதவில்லை என்று தோன்றும்போது நான்கு வழிகள் இருக்கின்றன: இருக்கிற ப்ராசஸரையே ஓவர்கிளாக் செய்யலாம், அதே சாக்கெட்டில் உட்காரும் பழைய ஐ7 ஒன்றைப் போடலாம், ப்ராசஸரைத் தொடாமல் எஸ்எஸ்டியும் ரேமும் சேர்க்கலாம், அல்லது மதர்போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றையும் கழற்றிவிட்டுப் புதிதாக வாங்கலாம். ஓவர்கிளாக் என்றால் செலவில்லாமல் வேகம் என்று பலர் சொல்வார்கள். நல்ல கூலரும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது உண்மை.

எது தடுக்கிறது?

பயாஸுக்குள் (கணினி ஆன் ஆகும்போது திறக்கும் அமைப்புத் திரை) போவதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்துகொண்டே அரைமணி நேரம் கவனியுங்கள். நான்கு கோர் ப்ராசஸரில் மொத்தப் பயன்பாடு 25 சதவீதத்தை ஒட்டியே நின்று, வேலையும் இழுத்துக்கொண்டு போனால், ஒரே ஒரு கோர் மூச்சுமுட்டுகிறது என்று அர்த்தம். அங்கே கிளாக் வேகம்தான் உதவும், ஐ7 உதவாது. நான்கு கோரும் 100 சதவீதத்தில் நின்றால் ஓவர்கிளாக், ஐ7 இரண்டுமே பலன் தரும். ப்ராசஸர் 20 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் ஓவர்கிளாக் பற்றி மேலே படிக்கவே வேண்டாம், எஸ்எஸ்டி பகுதிக்குப் போய்விடுங்கள். கேம் ஆடுபவர்கள் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது 97, 98 சதவீதத்தில் இருந்தால், ப்ராசஸரை எவ்வளவு முடுக்கினாலும் பிரேம் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும்.

உங்கள் போர்டு இடம் தருமா?

இந்தத் தலைமுறையில் பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். அதை மல்டிப்ளையரால் பெருக்கினால் வருவதுதான் ப்ராசஸரின் வேகம். பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டுகளுக்கான இணைப்பு), சாட்டா (டிஸ்க்குகளுக்கான இணைப்பு) எல்லாமே அந்த ஒரே பேஸ் கிளாக்கில் கட்டப்பட்டிருப்பதால் அதை 103, 105-க்கு மேல் தள்ள முடியாது. முயன்றால் முதலில் அடிவாங்குவது ஹார்ட் டிஸ்க்கில் உள்ள டேட்டா. ஆகவே மிச்சமிருப்பது மல்டிப்ளையர் மட்டும்தான். அதை உயர்த்த இரண்டு நிபந்தனைகள் உண்டு: ப்ராசஸர் பெயரின் கடைசியில் 'கே' இருக்க வேண்டும், மதர்போர்டின் சிப்செட் (ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) பி67, இசட்68, இசட்75, இசட்77 இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். எச்61, எச்67, பி75, எச்77 போர்டுகளில் 'கே' ப்ராசஸரைப் போட்டாலும் ஓவர்கிளாக் நடக்காது. டெல், எச்பி, லெனோவோவின் அலுவலக டெஸ்க்டாப்களில் வரும் க்யூ65, க்யூ67, க்யூ77 சிப்செட்களும் அப்படியே.

பலருக்குத் தெரியாத ஒரு சலுகையும் உண்டு. 'கே' இல்லாத ஐ5, ஐ7 ப்ராசஸரை பி67 அல்லது இசட் வகை போர்டில் போட்டால், டர்போ வேகத்துக்கு (சுமைக்கேற்ப ப்ராசஸர் தானே ஏறும் வேகம்) மேல் நான்கு படி ஏற்றலாம். சாதாரண ஐ5-2500 நான்கு கோரும் உழைக்கும்போது 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும், அதை 3.8-க்கும், ஒரு கோர் மட்டும் உழைக்கையில் 3.7-இலிருந்து 4.1-க்கும் கொண்டுபோகலாம். அடுத்து வந்த ஹாஸ்வெல் தலைமுறையில் இன்டெல் இதை எடுத்துவிட்டது.

பி67 போர்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். 2011 ஜனவரி இறுதியில், முதலில் வந்த பி2 ஸ்டெப்பிங் (சிப்பின் பதிப்பு) சிப்செட்களில் 3 கிகாபிட் சாட்டா போர்ட்கள் நாளடைவில் தேயும் குறை இருப்பதாக இன்டெல்லே அறிவித்து, பி3 ஸ்டெப்பிங்கில் சரிசெய்தது. பழைய ஸ்டெப்பிங் போர்டு கையில் இருந்தால் டிஸ்க்குகளை 6 கிகாபிட் போர்ட்களில் மட்டும் செருகுங்கள்.

வேறு பழைய குடும்பங்கள் பற்றிச் சுருக்கமாக: கோர் 2 க்வாட் க்யூ6600-ஐ எஃப்எஸ்பி (அந்தத் தலைமுறையின் பேஸ் கிளாக்) 266-இலிருந்து 333-க்கு ஏற்றி, 2.4-லிருந்து 3.0 கிகாஹெர்ட்ஸ் ஆக்குவது இன்றும் நடக்கிற காரியம்தான், பொழுதுபோக்குக்காக என்றால். ஏஎம்டி எஃப்எக்ஸ் வரிசையில் எல்லா ப்ராசஸரும் திறந்த மல்டிப்ளையர்தான்; ஆனால் 125 வாட் எஃப்எக்ஸ்-8350-ஐ ஹீட்சிங்க் இல்லாத மலிவு போர்டில் போட்டிருந்தால் சாதாரண வேகத்திலேயே அந்தப் போர்டு திணறும். அதில் ஓவர்கிளாக் வேண்டாம்.

கிடைப்பது எவ்வளவு?

2500கே பெட்டியில் 3.3 என்று போட்டிருக்கும். 4.4-க்குக் கொண்டுபோனால் 33 சதவீத லாபம் என்று கணக்குப் போடுவது தவறு. டர்போவை மறந்துவிட்ட கணக்கு அது. நான்கு கோரும் வேலை செய்கையில் இது ஏற்கெனவே 3.4-இல் ஓடுகிறது, ஆகவே உண்மையான லாபம் 29 சதவீதம். ஒரு மணி நேரம் எடுத்த வீடியோ என்கோடிங் ஏறக்குறைய 46 நிமிடத்தில் முடியும். ஒரு கோர் மட்டும் உழைக்கும் வேலையில் டர்போ 3.7, எனவே லாபம் 19 சதவீதம்தான். கேமில் இது கண்ணுக்குத் தெரியும், பிரவுசரில் பெரிதாகத் தெரியாது.

இனி அதற்குக் கொடுக்கும் விலை. ப்ராசஸர் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். 3.4 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் 80 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 4.4-இல் 1.32 வோல்ட் தேவைப்பட்டால் அது 125 வாட் ஆகும். அங்கிருந்து 4.7-க்குப் போக 1.42 வோல்ட் கேட்டால் 155 வாட்டைத் தொடும். கடைசி 300 மெகாஹெர்ட்ஸ் தருவது 7 சதவீத வேகம், அதற்குக் கேட்பது 24 சதவீத மின்சாரமும் சூடும். பழைய போர்டில் 4.2 முதல் 4.4 வரை போதும் என்று சொல்வதற்கு இந்தக் கணக்கே காரணம். 5 கிகாஹெர்ட்ஸ் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலானவை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வரை மட்டும் நின்றவை.

கூலர் ப்ராசஸரை அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரியில் வைத்திருக்கும் என்பதுதான் கணக்கு. 22 டிகிரி ஏசி அறையில் 68 காட்டும் அதே கணினி, மே மாதத்து 36 டிகிரி அறையில் 82 காட்டும். டிசம்பரில் அமைத்த ஓவர்கிளாக் கத்திரி வெயிலில் சரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கையில் என்ன இருக்க வேண்டும்?

இன்டெல்லோடு வந்த குட்டி கூலர் போதாது. 120 மிமீ ஃபேன் உள்ள டவர் கூலர் வேண்டும். கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 வகை போதுமானது. அதன் உயரம் 16 செமீயை நெருங்கும் என்பதால் கேபினட்டின் அகலத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு வைத்தால் போதும்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். இந்த வயது கணினியில் அதிகம் சந்தேகிக்க வேண்டிய பாகம் இதுதான். பத்து வருடத்துக்கு மேல் ஓடியதில் கெபாசிட்டர்கள் காய்ந்து, 12 வோல்ட் லைனில் அலை கூடியிருக்கும். சாதாரண வேகத்தில் தெரியாத குறை, ஓவர்கிளாக்கில் திடீர் ரீஸ்டார்ட்டாக வெளிவரும். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் என்றால் அதை மாற்றாமல் ஆரம்பிக்காதீர்கள். யுபிஎஸ்ஸையும் கணக்கில் எடுங்கள்: 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் சேர்ந்து அதைத் தாண்டினால் கரண்ட் போகும் நொடியிலேயே எல்லாம் அணையும்.

மதர்போர்டில் ப்ராசஸருக்குப் பக்கத்தில் உள்ள மாஸ்ஃபெட்களின் (ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் குட்டிச் சிப்கள்) மேல் ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 4.0-ஓடு நிறுத்திக்கொள்வது நல்லது. போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தேய்ந்திருந்தால் ப்ளக்கைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் பயாஸ் அமைப்புகள் அழிந்து, ஓவர்கிளாக் காணாமல் போகும்.

செய்முறை

முக்கியமான ஃபைல்களுக்கு பேக்கப் எடுங்கள். பயாஸில் டீஃபால்ட் அமைப்புகளை ஏற்றி, விண்டோஸில் ப்ரைம்95-இன் (ப்ராசஸருக்கு முழுச் சுமை தரும் மென்பொருள்) ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையை 20 நிமிடம் ஓட விடுங்கள். பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பத்தையும், சிபியு-இசட்டில் கோர் வோல்டேஜையும் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண வேகத்திலேயே 80 டிகிரி தாண்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது தூசி அடைத்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது.

பிறகு பயாஸில்: பேஸ் கிளாக்கை 'ஆட்டோ'வில் விடாமல் 100.0 என்று நிலைநிறுத்துங்கள். ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரத்தை அணையுங்கள். டர்போவை அணைக்காதீர்கள். சாண்டி பிரிட்ஜ் (2500கே-யின் தலைமுறை), ஐவி பிரிட்ஜ் (3570கே-யின் தலைமுறை) இரண்டிலும் ஓவர்கிளாக் நடப்பதே டர்போ மல்டிப்ளையர் வழியாகத்தான். அதை அணைத்துவிட்டு 'வேகம் ஏறவில்லையே' என்று தேடுபவர்கள் நிறையப் பேர். பவர் லிமிட்டை 95 அல்லது 77 வாட்டிலிருந்து 150-க்கு உயர்த்துங்கள். இல்லாவிட்டால் சுமை ஏறும்போது வேகம் தானே இறங்கும். லோட் லைன் கேலிபரேஷனை (சுமை ஏறும்போது வோல்டேஜ் சரியாமல் பிடிக்கும் அமைப்பு) நடு நிலையில் வையுங்கள். உச்ச நிலையில் வைத்தால், சுமை திடீரென விலகும் நொடியில் வோல்டேஜ் எகிறும். ரேமை இப்போதைக்கு 1333-இலேயே விடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது தவறு என்று கண்டுபிடிக்க முடியாது.

மல்டிப்ளையர் 40, வோல்டேஜ் 1.25 என்று 2500கே-யில் ஆரம்பிக்கலாம். 3570கே-க்கு 1.15 போதும். வோல்டேஜை 'ஆட்டோ'வில் விடுவது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட: மல்டிப்ளையர் ஏற ஏறப் பல போர்டுகள் தேவைக்கு மேல் வோல்டேஜை அள்ளிக் கொடுக்கும். 15 நிமிடம் சோதனை. தாக்குப்பிடித்தால் மல்டிப்ளையரில் ஒரு படி மேலே. விழுந்தால் வோல்டேஜில் 0.015 முதல் 0.02 வரை கூட்டி மறுபடி சோதனை. நிறுத்த வேண்டிய எல்லைகள்: 2500கே-க்கு 1.35 வோல்ட், 3570கே-க்கு 1.25 முதல் 1.28, இரண்டுக்கும் ப்ரைம்95-இல் 80 டிகிரி. ப்ராசஸர் தானாக வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் வெப்பம் 2500கே-யில் 98, 3570கே-யில் 105 டிகிரி. ஆனால் அவை விபத்தைத் தடுக்கும் எல்லைகள், தினமும் ஓட்டுவதற்கானவை அல்ல.

3570கே புதிய 22 நானோமீட்டர் சிப், கம்மி வாட், ஆனாலும் அதுதான் அதிகம் சுடும். 2500கே-யில் சிப்புக்கும் மேல் மூடிக்கும் நடுவே சால்டர் உண்டு. 3570கே-யில் வெறும் பேஸ்ட்தான். மூடியைப் பெயர்த்து நல்ல பேஸ்ட் போடுபவர்கள் உண்டு. பிளேடு சற்று ஆழமாக இறங்கினால் ப்ராசஸரே போய்விடும். முதல் முயற்சியில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பிடித்த வேகம் கிடைத்ததும் ஓர் இரவு முழுக்க ப்ரைம்95-இன் ப்ளெண்ட் சோதனையை ஓட விடுங்கள். காலையில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் வியா-லாகர் என்ற பெயரில் 19-ஆம் எண் பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ப்ராசஸர் பிழைகளைச் செய்து, தானே திருத்திக்கொண்டு சமாளித்திருக்கிறது. இன்னும் ஒரு படி வோல்டேஜ் தேவை, அல்லது ஒரு படி இறங்க வேண்டும். கடைசியாக, நிலையான வோல்டேஜை ஆஃப்செட் முறைக்கு (ப்ராசஸர் தானே கேட்கும் வோல்டேஜோடு ஓர் அளவைக் கூட்டுவது) மாற்றினால் சும்மா இருக்கும்போது வோல்டேஜும் இறங்கும்.

கோளாறுகள்

நீலத்திரைப் பிழை எண் 124 அல்லது 101 என்று முடிந்தால், இந்தத் தலைமுறையில் முதல் சந்தேகம் கோர் வோல்டேஜ் குறைவு. 1ஏ, 50 என்று முடிந்தால் ரேமைப் பாருங்கள். மெம்டெஸ்ட்86+ ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும். ரேம் பிழைதான் எல்லாவற்றிலும் மோசம். நீலத்திரையே வராமல் ஃபைல்களை ஓசையின்றிக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

சோதனையில் தாக்குப்பிடிக்கிறது, சும்மா இருக்கும்போது விழுகிறது என்றால் அது ஆஃப்செட்டின் வேலை. சுமையில்லாத நேரத்தில் வோல்டேஜ் அளவுக்கு மீறி இறங்கிவிடுகிறது; ஆஃப்செட்டை ஒரு படி கூட்டி, லோட் லைனை ஒரு படி குறையுங்கள். ஸ்லீப்பில் போட்டால் எழவில்லை என்றால், 'இன்டர்னல் பிஎல்எல் ஓவர்வோல்டேஜ்' என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். 4.6-க்குக் கீழே அது தேவையே இல்லை, அணைத்துவிடலாம். ப்ராசஸர் வெப்பம் 70-இல் இருந்தும் வேகம் விட்டுவிட்டுச் சரிந்தால், பவர் லிமிட்டையும் உயர்த்தியாயிற்று என்றால், சூடாகியிருப்பது மாஸ்ஃபெட்கள். அந்தப் பக்கம் ஒரு ஃபேன் காற்று படும்படி வையுங்கள்.

போர்டு திரும்பத் திரும்ப ஆன், ஆஃப் ஆகிக்கொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, சிமாஸ் ஜம்பரை (பயாஸ் அமைப்புகளை அழிக்கப் போர்டில் உள்ள குட்டி இணைப்பு) பத்து நொடி மாற்றிப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

அதே சாக்கெட்டில் ஐ7

எச்61, பி75 போர்டு வைத்திருப்பவர்களுக்கு இதுதான் ஓவர்கிளாக்கின் இடத்தில் நிற்கும் வழி. ஐ7-2600, ஐ7-3770 இரண்டும் நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலையை எடுக்கும்), 8 எம்பி கேஷ். எட்டு த்ரெட்டும் நிரம்பும் என்கோடிங், ரெண்டரிங் வேலைகளில், 4.4-இல் ஓடும் 2500கே-யை ஒரு சாதாரண 3770 எட்டிப் பிடிக்கும், பெரும்பாலும் தாண்டிவிடும். அதுவும் 77 வாட்டில், வோல்டேஜ் தலைவலி எதுவும் இல்லாமல். ஆகவே 'கே' ப்ராசஸர் இருந்தும் டவர் கூலர் இல்லாதவர், கூலர் வாங்கும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து ஐ7-ஐ எடுப்பதே என் கணக்கில் சரி. ஒரு கோர் வேலைகளில் மட்டும் இது தோற்கும். 3770-இன் உச்சம் 3.9தான்.

சியான் ஈ3-1230 வி2 இதே சாக்கெட்டில் உட்காரும் நான்கு கோர், எட்டு த்ரெட் ப்ராசஸர். பெரும்பாலும் ஐ7-ஐ விட மலிவாகக் கிடைக்கும். ஆனால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது; தனி கார்டு இல்லையென்றால் திரை இருட்டாகத்தான் இருக்கும்.

வாங்குவதற்கு முன் போர்டு நிறுவனத்தின் ப்ராசஸர் பட்டியலைப் பாருங்கள். 2011 போர்டுகளில் ஐவி பிரிட்ஜ் ஓட பயாஸ் அப்டேட் வேண்டும். அதைப் பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டும். கழற்றிய பிறகு நினைவு வந்தால் எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டியதுதான். சாக்கெட்டின் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் ஒரு ரேம் சேனல் போகலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய ப்ராசஸர் வாங்கினால், கடையிலேயே ஒரு போர்டில் போட்டு, சிபியு-இசட்டில் பெயரையும் த்ரெட் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

எஸ்எஸ்டியும் ரேமும்

ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடுகிறதா? அப்படியானால் முதல் ரூபாய் இங்கேதான். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சிதறிய ஃபைல் துண்டைத் தேடி எடுக்கப் பத்து மில்லி நொடிக்கு மேல் எடுக்கும். நொடிக்கு நூறு துண்டுகூடத் தேறாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பல்லாயிரம் எடுக்கும். எந்த ஓவர்கிளாக்கும் அந்த இடைவெளியை மூடாது. எச்61-இல் 6 கிகாபிட் போர்ட் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். பெரிய ஃபைல்களைக் காப்பி செய்யும்போது மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

ரேம் 4 ஜிபி என்றால் 8 அல்லது 16 ஆக்குங்கள், ஒரே அளவு ஜோடியாக. மிக மலிவாகக் கிடைக்கும் 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்குகளில் 'ஏஎம்டி மட்டும்' என்று போட்டவை இன்டெல் போர்டில் ஓடாது.

மொத்தமாக மாற்றுவது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது டிபிஎம் 2.0-உம் (பாதுகாப்புச் சிப்), பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் ப்ராசஸரும். 2500கே-யை 4.4-க்கு ஏற்றினாலும் அந்தப் பட்டியலில் அது ஏறாது. 2013-இல் ஹாஸ்வெல்லோடு வந்த ஏவிஎக்ஸ்2 கட்டளைகளும் இதில் கிடையாது. அவற்றைக் கட்டாயமாகக் கேட்கும் மென்பொருள் இதில் திறக்கவே திறக்காது. வங்கி வேலை, அலுவலக வேலை இந்தக் கணினியில் நடக்கிறது, லினக்ஸுக்கு மாறும் எண்ணமும் இல்லை என்றால், ஓவர்கிளாக்குக்காகப் பாகம் வாங்குவது வீண். ஐ3-12100 போன்ற நான்கு கோர், எட்டு த்ரெட் சிப்கூட, ஓவர்கிளாக் எதுவும் இல்லாமலே, 4.4-இல் ஓடும் 2500கே-யை எல்லா வேலையிலும் தெளிவாக முந்தும்.

கூலர், எஸ்எம்பிஎஸ் இரண்டையும் புதிதாக வாங்கினால்தான் ஓவர்கிளாக் என்றால், அந்தத் தொகையைப் புதிய போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றின் விலையோடு ஒப்பிடுங்கள். அதில் பாதியைத் தொட்டால் ஓவர்கிளாக்கைக் கைவிடலாம். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நல்லதாக வாங்கி வைத்தால் நஷ்டமில்லை, அது அடுத்த கணினிக்கும் வரும். கூலர் விஷயம் அப்படியல்ல: 2500கே, 3570கே உட்காரும் எல்ஜிஏ 1155 சாக்கெட்டின் துளை இடைவெளி 1150, 1151, 1200 சாக்கெட்கள் வரை 75 மிமீதான், ஐ3-12100 உட்காரும் 1700-இல் அது 78 மிமீ. அந்த சாக்கெட்டுக்கான கிட் பெட்டியிலேயே வருகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.